பேய், நிழல், காலடிச் சத்தம்: என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகள்

நான் மருத்துவரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. தூக்கம், மூளை, கண் ஏமாறும் விதம் பற்றி ஆசையாகப் படிக்கும் ஆள், அவ்வளவுதான். இது தெரிந்த நாளிலிருந்து யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சிரிக்கக் கூடாது, சரியா?" என்று ஆரம்பிப்பார்கள். கதைகள் வேறு வேறாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. பேய் இருக்கா, இல்லையா?

இருப்பதாக நம்புவதற்கு எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனால் இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடும். ஏனென்றால் அவர் உண்மையில் கேட்க வந்தது வேறு: "அப்போ எனக்கு நடந்தது என்ன?"

ஒருவர் நிழலைப் பார்த்தேன் என்றால் பார்த்திருக்கிறார். அதைச் சந்தேகிக்க நான் யார்? அந்த நிழல் அறையில் இருந்ததா, அவருடைய கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் உருவானதா என்பதுதான் விசாரிக்க வேண்டிய சங்கதி. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற முயற்சிதான்.

அப்படின்னா என் மூளையில ஏதோ கோளாறுன்னு சொல்றீங்களா?

இல்லை. லண்டனில் 1882-இல் இப்படிப்பட்ட அனுபவங்களை ஆராயவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் 17,000 பேரிடம் ஒரு கேள்வி கேட்டு, 1894-இல் முடிவை வெளியிட்டார்கள். முழு விழிப்பில் இருக்கும்போது, வெளியே காரணம் எதுவும் இல்லாமல், ஒரு உருவத்தைப் பார்த்ததாகவோ குரலைக் கேட்டதாகவோ தொடுகையை உணர்ந்ததாகவோ உங்களுக்குத் தோன்றியதுண்டா என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய பத்தில் ஒருவர் "ஆம்" என்றார். பத்தில் ஒருவருக்குப் பைத்தியம் என்று சொல்ல முடியாது.

மூளை கேமரா மாதிரி வேலை செய்வதில்லை. கண்ணும் காதும் அனுப்பும் அரைகுறைச் செய்திகளை வைத்து, "இதுவாகத்தான் இருக்கும்" என்று ஊகித்து, மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். வெளிச்சத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதால் அப்படி ஒரு வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. இருட்டிலும் அரைத்தூக்கத்திலும் பயத்திலும் அது அடிக்கடி தப்பிப்போகும்.

நடுராத்திரி முழிப்பு வந்துச்சு. கை கால அசைக்க முடியல. நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்து அமுக்கினாங்க. இது என்ன?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். தமிழில் இதற்கு 'அமுக்குவான் பேய்' என்று பெயரே உண்டு. மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்கிறார்கள். கனவு காணும் தூக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது, இந்தப் பூட்டு திறக்கத் தாமதமாகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், உடம்பு மட்டும் வராது. மூச்சு தானாக நடந்துகொண்டிருந்தாலும் ஆழமாக இழுக்க முடியாது. அந்தத் தவிப்புதான் நெஞ்சின் மேல் பாரமாகத் தெரிகிறது.

எனக்கும் வந்திருக்கிறது. தேர்வுக் காலம், மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. மின்விசிறியின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. கதவுப் பக்கம் ஒரு ஆள் நிற்கிறான், முகம் இல்லை, கனம் மட்டும் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பனின் பெயரைச் சொல்லி அலறினேன். காலையில் அவனிடம் கேட்டேன். "நீ முனகக்கூட இல்லையே, நான் படிச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றான். அலறல் முழுக்க எனக்குள்ளேயே நடந்திருக்கிறது.

அசைய முடியாதது புரியுது. ஆனா அந்த உருவம் எங்கிருந்து வந்துச்சு?

கனவிலிருந்து. பாதி மூளை விழித்து அறையைப் பார்க்கிறது, மீதிப் பாதி இன்னும் கனவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே திரையில் விழுகின்றன. கூடவே, ஆபத்தைக் கவனிக்கும் பகுதியும் உச்சத்தில் இருக்கிறது. அசைய முடியாத நிலையில் மூளைக்குத் தோன்றும் முதல் ஊகம் "பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்" என்பதுதான்.

இது எல்லா நாட்டிலும் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து நெஞ்சில் ஏறினாள் என்பார்கள். ஜப்பானில் கனாஷிபாரி, உலோகத்தால் கட்டிப்போட்ட மாதிரி என்று அர்த்தம். 1781-இல் ஹென்றி ஃபியூசெலி வரைந்த ஓவியத்தில் உறங்கும் பெண்ணின் நெஞ்சின் மேல் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கும். பாரம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்கு என்ன உடுப்பு மாட்டுவது என்பதை அவரவர் கேட்டு வளர்ந்த கதைகள் முடிவு செய்கின்றன.

இது ஆபத்தா? வராம இருக்க என்ன பண்ணணும்?

பொதுவாக ஆபத்தில்லை. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விலகிவிடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு 2011 தொகுப்பின்படி, பொதுமக்களில் சுமார் 8% பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்திருக்கிறது. மாணவர்களிடம் அது சுமார் 28%. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: கண்ட நேரத்தில் தூங்கி, கண்ட நேரத்தில் எழுகிறார்கள்.

மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், பக்கவாட்டில் படுத்துப் பாருங்கள். தூக்க நேரத்தைச் சீராக்குங்கள். வந்துவிட்டால் முழு உடம்போடும் மல்லுக்கட்டாமல் ஒரு விரல் நுனியையோ நாக்கையோ மட்டும் அசைக்க முயன்றால் சிலருக்குச் சீக்கிரம் விடுகிறது. அடிக்கடி வருகிறது, பகலிலும் தாங்க முடியாமல் தூக்கம் சொக்குகிறது, சிரித்தால் முழங்கால் தொய்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம்.

ஏன் எப்பவும் ராத்திரி மூணு மணிக்கே நடக்குது?

எப்போதும் இல்லை. ஆனால் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பிற்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். பதினொரு மணிக்குப் படுப்பவர் மூன்று, நான்கு மணிவாக்கில் விழித்தால் ஒரு கனவின் நடுவிலிருந்து எழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்புறம் 2:20-க்கு விழித்தால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, 3:00 என்றால் மறப்பதில்லை.

கடைக்கண்ணுல யாரோ போனாங்க. திரும்பினா யாருமே இல்ல. தினமும் நடக்குது.

இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் கிடையாது. ஓரங்களில்தான் குவிந்திருக்கின்றன. அதனால் மங்கலான வெளிச்சத்தில் கடைக்கண்ணுக்கு ஏதோ அசைவது தெரியும். அது என்ன என்று சொல்லும் கூர்மை அதற்கு இல்லை. திரும்பி நேராகப் பார்த்ததும், அந்த மங்கல் ஒளியில் நட்ட நடுக் கண் கிட்டத்தட்ட குருடு. இருந்த உருவம் "மறைந்துவிடும்". திரைச்சீலை, உங்கள் கண்ணாடிச் சட்டம், உங்கள் முடி, தூரத்து வண்டியின் விளக்கு, எது வேண்டுமானாலும் அந்த 'யாரோ'வாக இருக்கலாம்.

வானியல் ஆர்வலர்களுக்கு இது பழைய தந்திரம். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் தெரியாது, சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். இன்றிரவே மாடிக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கலாம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

அதே வேகத்தில் இதையும் கவனியுங்கள்: திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளிகள் மழையாகவோ புதிதாகத் தெரிந்தால் பேயும் வேண்டாம், என் விளக்கமும் வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவர். விழித்திரை கிழிந்திருக்கலாம்.

சுவத்துல, போட்டோவுல, மரத்துல முகம் தெளிவாத் தெரியுதே?

தெரியும். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும், மூளை அதை முகமாக்கிவிடும். இதற்குப் பெயர் பரைடோலியா. முகங்களை அடையாளம் காண மூளையில் தனிப் பகுதியே இருக்கிறது. அது கறாரான ஆள் இல்லை. புதரில் இருக்கும் முகத்தைத் தவறவிட்ட மூதாதைக்கு நஷ்டம் அதிகம். இல்லாத முகத்தைப் பார்த்துத் துள்ளியவருக்குக் கொஞ்சம் வெட்கம் மட்டும்தான்.

1976-இல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் ஒரு மலையைப் படமெடுத்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தது. 1998-இலும் 2001-இலும் வேறொரு விண்கலம் இன்னும் தெளிவாக அதே இடத்தைப் படமெடுத்தபோது வெறும் தட்டை உச்சிக் குன்று. முதல் படத்தில் சூரியன் தாழ்வாக இருந்ததால் நிழல் அப்படி விழுந்திருக்கிறது. புகைப்படத்தில் பேய் என்று யாராவது காட்டினால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அதே நொடியில் எடுத்த அடுத்த படம் எங்கே?

கண்ணாடியைப் பார்த்துட்டே இருந்தேன். என் முகம் வேற யாரோ மாதிரி மாறிடுச்சு.

மங்கல் வெளிச்சத்திலா? அப்படியானால் நீங்கள் தெரியாமலேயே ஒரு பரிசோதனை செய்திருக்கிறீர்கள். இத்தாலியில் ஜியோவானி கபுட்டோ என்பவர் 50 பேரை மங்கலான அறையில் கண்ணாடி முன் பத்து நிமிடம் உட்கார வைத்தார். 2010-இல் முடிவை எழுதினார். 66% பேர் தங்கள் முகம் பெரிதாகச் சிதைந்ததைப் பார்த்தார்கள். 48% பேர் விசித்திரமான, கொடூரமான உருவங்களைப் பார்த்தார்கள். இறந்துபோன பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்களும் உண்டு.

ஒரே இடத்தை அசையாமல் வெறித்தால் மாறாமல் இருக்கும் பகுதிகளை மூளை அழித்துவிடும். 1804-லேயே ட்ரொக்ஸ்லர் என்ற மருத்துவர் இதைக் குறித்திருக்கிறார். கன்னம் மங்குகிறது, வாய் கரைகிறது. காலியான இடத்தை மூளை நிரப்புகிறது, எப்படி நிரப்பும் என்றுதான் மேலே பார்த்தோமே. செய்து பார்க்க விரும்பினால் செய்யுங்கள். மனநிலை சரியில்லாத நாளில் மட்டும் வேண்டாம்.

ஒருத்தருக்குத் தெரிஞ்சா பிரமைன்னு சொல்லலாம். நாங்க அஞ்சு பேரும் பார்த்தோமே?

நல்ல கேள்வி. அஞ்சு பேரும் *தனித்தனியாக*, ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால், ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தீர்களா? இதுவரை யாரும் "ஆமாம்" என்று சொன்னதில்லை.

முழு இருட்டில் அசையாத சின்ன ஒளிப்புள்ளி ஒன்றைப் பார்த்தால் அது நகர்வது போலத் தோன்றும். 1935-இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் இதை வைத்து ஒரு சோதனை செய்தார். எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். குழுவாக உட்கார வைத்ததும் அளவுகள் ஒன்றையொன்று நெருங்கி ஒரே மாதிரி ஆகிவிட்டன. புள்ளியோ துளியும் அசையவில்லை. யாரும் பொய் சொல்லவுமில்லை.

ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. இருட்டறையில் பொய்யாக ஓர் ஆவி அழைப்புக் கூட்டம் நடத்தினார்கள். நடிகர் ஒருவர் "மேசை எழும்புகிறது, பாருங்கள்" என்றார். மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. பிற்பாடு கேட்டபோது சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மேசை நகர்ந்தது என்றார்கள். உங்கள் ஐவரில் முதலில் "அதோ பாரு!" என்று கத்தியது யார், அவர் அதற்கு முன் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்க வீட்டுச் சுவத்துக்குள்ள இருந்து தட்டுற சத்தம் வருது. எலி இல்ல, பார்த்துட்டோம்.

என் வீட்டிலும் வந்தது. இரவு பதினொரு மணிவாக்கில் டக்... டக்... என்று ஆரம்பித்து, இடைவெளி கூடிக்கொண்டே போய் நின்றுவிடும். யாரோ நடந்து தூரமாகப் போவது போலவே இருக்கும். மூன்று இரவு நோட்டில் நேரம் குறித்தேன். நான்காம் நாள்தான் பொறி தட்டியது: கடைசியாகக் குளிப்பவர் ஹீட்டரை அணைத்துப் பத்து நிமிடம் கழித்தே தொடங்குகிறது. சுவருக்குள் போகும் வெந்நீர்க் குழாய் ஆறும்போது சுருங்கி, அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் உரசுகிறது. ஆற ஆறச் சுருங்கும் வேகம் குறையும், அதனால்தான் இடைவெளி கூடியது.

மரம், இரும்பு, கான்கிரீட் எல்லாம் பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்குகின்றன. குழாயை வேகமாக மூடினால் தண்ணீர் அடித்து மோதும். பகலிலும் இவை நடக்கும், மற்ற இரைச்சலில் அமுங்கிப்போகும். சத்தத்தை விரட்ட வேண்டாம், நேரத்தை எழுதுங்கள்.

அந்த வீட்டுக்குள்ள போனாலே தலை பாரமாகுது, யாரோ பார்க்கிற மாதிரி இருக்கு. வெளிய வந்தா சரியாயிடுது.

இந்தக் கேள்வி வந்தால் நான் விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிடுவேன். அடுப்பு, ஜெனரேட்டர், கேஸ் ஹீட்டர் போல எரிந்து இயங்கும் ஏதாவது அந்த வீட்டில் இருக்கிறதா? இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், குழப்பம், நெஞ்சழுத்தம், சில சமயம் மனப்பிரமை. வெளியே வந்தால் தெளிவது இதன் முக்கிய அடையாளம்.

1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் எழுதினார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். காலடிச் சத்தம், யாரோ பின்தொடரும் உணர்வு, இரவில் உருவங்கள், தலைவலி. குழந்தைகள் வெளிறிப்போனார்கள். வீட்டுச் செடிகளும் வாடின. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைக்கூண்டு வழியே போக வேண்டிய வாயு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டுக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மற்றவை பயமுறுத்தும், இது கொல்லும். ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி, கருவியை நிறுத்திவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

காதுக்குக் கேட்காத ஒலி, மின்காந்த அலை, இதனாலதான் பேய் தெரியுதுன்னு விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்களாமே?

'சொல்லிட்டாங்க' என்பது அதிகம். கதை சுவையானது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளர் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரவு தனியாக வேலை செய்யும்போது குளிர் வியர்வை, கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம். மறுநாள் தன் வாள்விளையாட்டுக் கத்தியைச் சரிசெய்ய இடுக்கியில் பிடித்து வைத்தார். தகடு தானாக அதிர்ந்தது. புதிதாக மாட்டிய விசிறி ஒன்றின் வேலை அது. அறையின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 19 அதிர்வுகள், காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி. தான் பார்த்த உருவத்துக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று 1998-இல் கட்டுரை எழுதினார்.

அருமையான துப்பறியும் வேலைதான். ஆனால் லண்டனில் ஒரு குழு இதைச் சோதிக்க ஒரு செயற்கை 'பேய் அறை' கட்டி, 79 பேரை ஒவ்வொருவராக 50 நிமிடம் அதில் இருக்க வைத்தது. தாழொலியும் மின்காந்தப் புலமும் சிலருக்கு இருந்தன, சிலருக்கு இல்லை. பலர் விசித்திர உணர்வுகளைச் சொன்னார்கள். ஒலியோ புலமோ இருந்ததற்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை. 2009-இல் வந்த முடிவு இது. "ஏதாவது நடக்கலாம்" என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்பியதே போதுமாக இருந்திருக்கும். யாரோ பக்கத்தில் இருக்கும் உணர்வைக் காந்தப்புலத்தால் வரவழைக்கிறது என்று மைக்கேல் பெர்சிங்கர் என்ற ஆய்வாளர் சொன்ன தலைக்கவசமும் இதே கதைதான். ஸ்வீடனில் 2005-இல் யாருக்கு எது ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாதபடி திருப்பிச் செய்தபோது காந்தப்புலத்தால் எந்த வித்தியாசமும் வரவில்லை. பேயை நம்ப ஆதாரம் கேட்கிறவர்கள் பேய்க்கான விளக்கத்துக்கும் ஆதாரம் கேட்க வேண்டும். பேயை நம்பாத நம் தரப்பு ஆட்கள் பலர் இங்கே கோட்டைவிடுகிறார்கள்.

ஒய்ஜா போர்டுல நாங்க யாரும் தள்ளல. காசு தானாத்தான் நகர்ந்துச்சு, சத்தியமா.

சத்தியம் வேண்டாம், நம்புகிறேன். நீங்கள் தள்ளியது உங்களுக்கே தெரியவில்லை. ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாலே தசைகள் அந்தத் திசையில் நுண்மையாக அசையும். 1852-இல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற உடலியலாளர் இதை விவரித்தார். அடுத்த ஆண்டு மைக்கேல் ஃபாரடே, ஆவியால் மேசை சுழல்கிறது என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு, கைக்கும் மேசைக்கும் நடுவே உருளைகள் மேல் நகரும் அட்டைகளை வைத்தார். மேசை இழுத்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்கும். முந்தியது மேல் அட்டை, அதாவது கை.

வீட்டிலேயே சோதிக்கலாம். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், பலகையைச் சத்தமில்லாமல் சுழற்றி வைக்க ஒருவரைச் சொல்லுங்கள். ஆவிக்கு எழுத்து தெரியும் என்றால் சிரமமிருக்காது. பழைய இடங்களையே தேடிப் போய் உளறிக்கொட்டினால் எழுதுவது யார் என்று தெரிந்துவிடும்.

பேய் தேடுறவங்க மீட்டர் வச்சிருக்காங்க, ரெக்கார்டர்ல குரல் கேட்குது, போட்டோவுல வெள்ளை உருண்டை விழுது. அதெல்லாம்?

மீட்டர் மின்காந்தப் புலத்தை அளக்கிறது. சுவருக்குள் ஒயர், ஃபிரிட்ஜ் மோட்டார், பாக்கெட்டில் செல்போன் எதற்கும் அது துள்ளும். வெள்ளை உருண்டை லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசியில் ஃபிளாஷ் பட்டுத் தெறிப்பது. துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு எடுத்தால் ஆவிகள் கூட்டமாக வரும்.

குரல் விஷயம் காதுக்கான பரைடோலியா. இரைச்சலில் மூளை சொற்களைத் தேடும். எழுத்தைத் திரையில் போட்டுவிட்டு ஒலியைக் கேட்க வைத்தால் எல்லாருக்கும் அதுவே கேட்கும். எழுத்தில்லாமல் நாலு பேரைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

எதுவும் பார்க்கல, கேட்கல. பின்னால யாரோ நிக்கிறாங்கன்னு மட்டும் உறுதியாத் தெரிஞ்சுது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1916-இல் தென்துருவப் பயணி ஷேக்கிள்டனும் இன்னும் இருவரும் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்தார்கள். தாங்கள் மூன்று பேர் இல்லை, நான்கு பேர் என்று தனக்கு அடிக்கடி தோன்றியதாக ஷேக்கிள்டன் எழுதியிருக்கிறார். மற்ற இருவருக்கும் அதே உணர்வு இருந்ததாம். களைப்பு, குளிர், தனிமை, ஒரே மாதிரி வெள்ளை வெளி. மலையேறிகளும் தனியாகக் கடல் கடப்பவர்களும் இதையே சொல்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கின் குழு 2006-இல் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. வலிப்பு நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட 22 வயதுப் பெண்ணின் மூளையில், காதுக்குச் சற்று மேலே இடது பக்கம் ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். உடனே தனக்குப் பின்னால் ஒரு ஆள் படுத்திருப்பதாகச் சொன்னார். அவர் எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஆளும் உட்கார்ந்து அவரைக் கட்டிப்பிடித்தான். தூண்டுதலை நிறுத்தினால் ஆள் இல்லை. தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் பகுதி அது. கணக்கு பிசகினால் நம் உடம்பே இன்னொருவராகத் தெரிகிறது.

2014-இல் அதே குழு எந்த நோயும் இல்லாதவர்களிடமும் இதை வரவழைத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு முன்னால் உள்ள கருவியைக் கையால் குத்த வேண்டும், பின்னால் ஓர் இயந்திரக் கை அதே அசைவை முதுகில் செய்யும். அரை நொடி தாமதமாக்கியதும் சிலருக்குப் பின்னால் யாரோ நிற்பதாகவே தோன்றியது. நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு.

அப்பா இறந்து ரெண்டு மாசம். நேத்து அவர் என்னைக் கூப்பிட்டார். அதே குரல். இதையும் பிரமைன்னு சொல்லிடுவீங்களா?

உங்களிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது ஆண்டு ஒரு குரலைக் கேட்ட மூளை இன்னும் அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. கதவு திறக்கும் சத்தம், சாயங்கால வெளிச்சம், ஏதோ ஒன்று அந்த எதிர்பார்ப்பைத் தட்டிவிடுகிறது.

வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படி நடந்திருந்தது. 39% பேர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தார்கள், 14% பேர் பார்த்தார்கள், 13% பேர் குரல் கேட்டார்கள். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அதிகம். பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. சிரிப்பார்களோ என்ற பயம்தான்.

அந்தக் குரல் உங்களை ஏசினாலோ, கூட வரச் சொன்னாலோ, தூக்கமும் சாப்பாடும் போய்விட்டாலோ கட்டாயம் மருத்துவரிடம் பேசுங்கள். இல்லாவிட்டால், அப்பாவின் குரல் கேட்டது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு 80 வயசு. அறையில சின்னப் பிள்ளைங்க நிக்கிறாங்கன்னு சொல்றாங்க. மத்தபடி தெளிவா இருக்காங்க.

முதலில் பார்வையைச் சோதியுங்கள். பார்வை வெகுவாகக் குறைந்தவர்களுக்குக் கண்ணிலிருந்து செய்தி வராததால் மூளை தானாகவே காட்சிகளைத் தயாரிக்கும். சார்ல்ஸ் பொனே என்பவர் 1760-இல் தன் தாத்தாவுக்கு நடந்ததை வைத்து இதை விவரித்தார். ஆட்கள், குழந்தைகள், கோலங்கள் எல்லாம் சத்தமில்லாமல் வந்து போகும். பார்ப்பவருக்கே அது நிஜமில்லை என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

பார்வை நன்றாக இருந்தும் தெரிகிறது, கூடவே நடை தளர்கிறது, கை விறைக்கிறது, தெளிவு ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லை, தூக்கத்தில் கை காலை வீசி அடிக்கிறார் என்றால் லூயி பாடி என்ற மறதி நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் பிள்ளைகள் தெரிவதை மறைக்காமல் சொல்லுங்கள். சில மனநோய் மாத்திரைகள் இந்த நோயாளிகளுக்குக் கடும் கெடுதல் செய்யும் என்பதால் அது முக்கியமான தகவல்.

பேய் பிடிச்சவங்க வேற குரல்ல பேசுறாங்க, நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியல. அது நடிப்பா?

பெரும்பாலும் நடிப்பில்லை. தாங்க முடியாத நெருக்கடியில் 'நான்' என்ற உணர்வு விலகி, இன்னொருவராகப் பேசுவது மனதின் ஒரு வழி. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே உண்டு. வெளியே சொல்ல முடியாததை 'வேறொருவர்' வாயால் சொல்லிவிட முடிகிறது. அவர் என்ன சொல்கிறார் என்பதை வீட்டார் காது கொடுத்துக் கேட்டால் பாதிக் காரணம் அதிலேயே இருக்கும்.

ஆனால் திடீரென்று தொடங்கி, சில நாட்களிலேயே உளறல், வலிப்பு, வாய் கோணுதல், விறைப்பு என்று மோசமானால் மருத்துவமனைக்கு ஓடுங்கள். நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் ஒரு வகை மூளை அழற்சி இருக்கிறது. ஜோசெப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 2007-இல்தான் அதைத் தெளிவாக அடையாளம் கண்டது. இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. நேரத்தோடு சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். அடிப்பதிலும் பட்டினி போடுவதிலும் கட்டி வைப்பதிலும் போகும் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்திலிருந்து கழிகிறது.

நாய் வெறும் சுவத்தைப் பார்த்துக் குரைக்குதே?

நமக்கு வெறும் சுவர். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும், நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். சுவருக்குப் பின்னால் சுண்டெலி இருக்கலாம்.

கனவுல ஒருத்தர் இறந்தார். மறுநாள் நிஜமாவே இறந்துட்டார். இதுக்கு என்ன சொல்வீங்க?

ஒரு கணக்கு போடுவோம். ஒரு கோடிப் பேர், ஆளுக்கு ஆண்டில் ஒரு தடவை, தெரிந்த ஒருவர் இறப்பதாகக் கனவு காண்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவில் வந்தவர் அந்த ஆண்டில் இறக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. குறிப்பாக மறுநாளே இறக்க 36,500-இல் ஒன்று. ஒரு கோடியை அதால் வகுத்தால் ஆண்டுக்கு 270-க்கும் மேற்பட்டவர்களின் கனவு வெறும் தற்செயலால் பலிக்கும். நோயாளியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டு அதிகம் கனவு காண்கிறோம், அதனால் நிஜ எண்ணிக்கை இன்னும் கூடும். அந்த 270 பேரும் வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். மீதிப் பேர் காலையிலேயே மறந்துவிடுவார்கள்.

இனி இப்படிக் கனவு வந்தால் விடிந்ததும் தேதி போட்டு எழுதி வையுங்கள். பலிக்காததையும் சேர்த்துத்தான்.

எல்லாத்துக்கும் விளக்கம் இருக்குன்னா, விளக்கமே கிடைக்காத கேஸ் ஒண்ணுகூட இல்லையா?

நிறைய இருக்கிறது. என்னிடம் சொல்லப்பட்டவற்றிலேயே பாதிக்கு மேல் எனக்கு உறுதியான பதில் இல்லை. இருபது ஆண்டுக்கு முன் நடந்தது, குறிப்பு இல்லை, பார்த்தவர் நூறு தடவை சொல்லிச் சொல்லிக் கதை மெருகேறிவிட்டது. கைரேகை அழிந்த திருட்டு மாதிரி. திருடன் கிடைக்கவில்லை என்பதால் பூட்டு தானாகத் திறந்துகொண்டது என்று எந்தக் காவலரும் எழுத மாட்டார்.

அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவர்களுக்கு ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் 1964 முதல் பரிசு அறிவித்து, பிற்பாடு அது பத்து லட்சம் டாலராக வளர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 2015-இல் அந்தப் போட்டியை மூடும் வரை முதற்கட்டத்தைக்கூட யாரும் தாண்டவில்லை.

இவ்வளவு பேசுறீங்களே, ராத்திரி தனியா இருந்தா உங்களுக்குப் பயமே வராதா?

வரும். மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டு ஏறும்போது கடைசி நாலு படியை இன்றைக்கும் நான் வேகமாகத்தான் ஏறுகிறேன். வெந்நீர்க் குழாய் டக் டக் என்று தட்டினால், அது குழாய் என்று தெரிந்தும், ஒரு நொடி நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.